ஆரஞ்சுப் பெருக்கல் குறி

அட்லாண்டாவின் தென்மேற்கில்
மரங்களைத் தட்டிப் பார்ப்பது என் வேலை.
ரப்பர் சுத்தியல், நீளக் கம்பி,
அட்டையில் செருகிய நகராட்சிப் படிவம்.
திடமான மரம் ஒரே சொல்லில்
பேச்சை முடித்துக்கொள்ளும்.
உளுத்ததுதான்
கேட்டதற்கு மேல் பேசும்.

வெர்லீன் மேப்ரி முதலில் விண்ணப்பித்தது மார்ச்சில்.
இருபத்தாறு வருடம் பேருந்து ஓட்டியவர்.
பின்பக்கக் கண்ணாடியைப் பார்ப்பதுபோல்
நொடிக்கொருமுறை அண்ணாந்து
ஓக் மரத்தைப் பார்த்தபடியே வாசலுக்கு வந்தார்.
"ராத்திரியில முனகுது" என்றார்.
முனகலுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

விட்டம் நாற்பத்தொரு அங்குலம்.
சாய்வு வீட்டை நோக்கி, கொஞ்சம்.
தளிர் உண்டு.
வயதுக் கட்டத்தை விட்டுவிட்டேன்,
எப்போதும் விடுவேன்.
மூன்று பக்கம் தட்டினேன்.
நாலாம் பக்கம் வேலியோரம் முள்கொடி,
நான் போட்டிருந்தது புதுப் பேன்ட்.
"துளிர்க்கிற மரத்தைச் செத்ததுன்னு
எழுத முடியாதும்மா."
மறுக்கப்பட்டது என்று எழுதி
கீழே என் கையெழுத்து.

ஜூன் பதினொன்று.
புயல் இல்லை, மழை இல்லை,
ஓர் இலைகூட அசையாத நடுநிசி.
ஒரே ஒரு கிளை
கூரையைத் துளைத்து இறங்கிப்
படுக்கையில் போய்ப் படுத்தது.

படுக்கையில் யாரும் இல்லை.
மார்ச்சிலிருந்தே அவர் தூங்கியது
சமையலறையில்.
இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை.
போனபோது இரண்டு நாற்காலிகள்
எதிரெதிராக ஒட்டிக் கிடந்தன,
ஒன்றில் தலையணை.
என் கையெழுத்தை நம்பாததால்
பிழைத்திருக்கிறார்.

நாலாம் பக்கம் போனேன். முள் கிழித்தது.
தட்டினேன்.
உள்ளேயிருந்து யாரோ
கதவைத் திறக்க வருவதுபோல் கேட்டது.
கம்பியைச் செருகினால் கைப்பிடி வரை போகிறது.
வைரம் பாய்ந்திருக்க வேண்டிய இடத்தில்
ஈரக் காப்பிச் சக்கை.
காழ் இல்லாததை
மரமென்று எந்தக் கணக்கில் எழுத?
உச்சியிலோ
வெட்கமே இல்லாமல் பச்சை.

ஆரஞ்சு பெயின்ட்டில்
பெரிய பெருக்கல் குறி போட்டேன்.
பள்ளியில் தப்புக்குப் போடுவதும் அதே குறிதான்.
யாருடைய தப்பு என்று
வெர்லீன் கேட்கவில்லை.

ஆட்சேபிக்க அக்கம்பக்கத்தாருக்குப் பத்து நாள்.
ஒன்பதாம் நாள் ஹாலிஸ் ப்ரூயிட் எழுதிக் கொடுத்தார்:
என் காருக்கு அதுதான் நிழல்.
பிறகு ஒரு காலை
கூரைமேல் காற்றில் படபடத்த நீலத் தார்ப்பாயை
வெகுநேரம் நின்று பார்த்தாராம்.
ஏணியைக் கொண்டுவந்து
நாலு முனையையும் இழுத்துக் கட்டிவிட்டு
நேரே அலுவலகம் வந்து
ஆட்சேபத்தை வாபஸ் வாங்கினார்.
காரணம் எழுதும் இடத்தில் ஒரு கோடு.

வெட்டிய அன்று நானும் போனேன்.
போக வேண்டிய அவசியமில்லை.
வளையங்களை எண்ணலாமென்று குனிந்தேன்.
ஓரத்திலிருந்து முப்பத்தெட்டு வரை வந்தது,
அப்புறம் ஒரு வாளி கொள்ளும் இருட்டு.
அதற்கு முந்தியதை
மரம் ஞாபகம் வைத்திருக்கவில்லை.
வயதுக் கட்டம் மறுபடியும் காலி.

"ஈடா ரெண்டு கன்று நடணும்"
என்று பட்டியலை நீட்டினேன்.
"இதுல எது பஸ்ஸைவிட உசரமா போகாது?"
ஒரு பெயரின் மேல் விரல் வைத்தேன்.
அதையே இரண்டாகக் கேட்டார்.
கையெழுத்துக்கு என் பேனா எழுதவில்லை,
தன்னுடையதை எடுத்துத் தந்தார்.
"அடிக்கட்டை அங்கேயே இருக்கட்டும்.
அதுக்கும் பர்மிட் வேணுமா?"
"வேண்டாம்" என்றேன்.
படிவத்தைப் பார்க்காமல்
அன்று நான் சொன்ன ஒரே பதில்.

இரண்டு தெரு தாண்டி, சிக்னலில்,
சட்டைப் பையில் அவர் பேனா.
பாதி அழிந்த எழுத்தில்
ஏதோ ஒரு பேருந்துத் தடத்தின் எண்.
பச்சை விழுந்தது.
பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.